பதினான்காம் கொதி

காலை ஐந்தே முக்காலுக்குப் பலராமனிடமிருந்து போன் வந்தது. தென்றல் அப்போதுதான் எழுந்து அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

"மீனுங்க எல்லாம் மேல வந்துடுச்சும்மா. வாயத் தொறந்துகினு நிக்குதுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல. குட்டை பூரா வெறும் வாயாத்தான் தெரியுது."

பலராமன் அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் அவருக்கு நிலம். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இருபத்தைந்து சென்டைத் தோண்டிக் குட்டையாக்கி, ரோகுவும் கட்லாவும் விட்டிருந்தார். ஆயிரத்துச் சொச்சம் மீன். ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையாது. இன்னும் இரண்டு வாரத்தில் வலை போடுவதாக இருந்தார்.

"நான் குடுத்த சோதனைப் பட்டைய நனைச்சுப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன். கரும்பச்சையா வருது. டப்பா மேல போட்டிருக்கிற கடைசிக் கட்டத்துக்கும் மேல."

அம்மோனியா. மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்தது. வெயில் எட்டிப் பார்க்கவில்லை. போட்ட தீவனம் தின்னப்படாமல் அடியில் கிடந்து அழுகியிருக்கும். ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் போனதில், தண்ணீருக்குக் காற்று ஊட்டுகிற ஏரேட்டரும் நின்றிருந்தது.

"தீவனம் ஒரு பிடிகூடப் போடாதீங்க. கெணத்து மோட்டரப் போட்டுத் தண்ணிய மேலேர்ந்து பீச்சி அடிங்க. மாறன் மூட்டையோட வந்துடுவான்."

"சீக்கிரம் வரச் சொல்லும்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

மாறன் தென்றலின் தம்பி. இருவரும் சேர்ந்து மூன்று வருஷமாகக் கீழ்பென்னாத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில் ஜியோலைட் செய்துகொண்டிருந்தார்கள். ரைஸ் மில் பாய்லரில் உமி எரிந்து மிஞ்சுகிற சாம்பல் மலைமலையாகக் குவிந்து, காற்றடித்தால் பக்கத்து வீடுகளின் சோற்றில் விழும். அந்தச் சாம்பலையும், அலுமினியப் பாத்திரப் பட்டறையில் உருக்கும்போது ஒதுங்குகிற கசடையும் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் வேகவைத்தால் வெண்மையான மாவு அடியில் படியும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படிகம் அது. தண்ணீரில் போட்டால் அம்மோனியாவைப் பிடித்துத் துளைகளில் வைத்துக்கொள்ளும். களிமண்ணோடு பிசைந்து உருண்டைகளாக உருட்டி, உலர்த்திச் சுட்டு, வெங்காயம் வருகிற வலைப் பைகளில் கட்டி மீன் குட்டைகளில் தொங்கவிடுவார்கள். மாட்டுக் கொட்டகை நாற்றத்துக்கும், விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டிக்கும், கடலை வயலில் உரம் மழையோடு ஓடிவிடாமல் இருப்பதற்கும் அதே உருண்டைதான்.

தென்றல் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டு வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, முன்னறையைப் பரிசோதனைக்கூடமாக்கிக்கொண்டாள். வேகவைப்பதும் கழுவுவதும் கொட்டகையில். சோதிப்பது இங்கே.

அவள் சேதி சொல்லியிருந்ததால், ஆறு மணிக்கு மாறன் கொட்டகையிலிருந்து கூப்பிட்டான்.

"பதினாலாம் கொதிதான்க்கா இருக்குது. முப்பது மூட்டை." ஒருமுறை வேகவைத்து எடுப்பதைக் கொட்டகையில் ஒரு கொதி என்பார்கள். அவன் கொஞ்சம் நிறுத்தி, "எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

தென்றல் மேசையைப் பார்த்தாள். பதினான்காம் கொதியின் மாதிரி, மூடிய பாட்டிலில், முந்தாநாள் மாறன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பதினொரு மணிக்குக் கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டம். மாவட்டத்து மீன் குட்டைகளுக்கு இந்த ஜியோலைட்டைச் சிபாரிசு செய்யலாமா என்று முடிவெடுக்கிற கூட்டம். அதற்கான அறிக்கையைத் தட்டச்சு செய்வதிலேயே இரண்டு நாளும் போயிருந்தன. இந்த வருஷத்தின் முந்தைய பதின்மூன்று கொதியும் சுத்தமாக வந்தவை. அங்கே மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

"எடுத்துக்க" என்றாள்.

ஏழரை மணிக்குச் சந்திரம்மாள் கூப்பிட்டாள். கொட்டகையில் மாவைக் கழுவுவதும் உலர்த்துவதும் அவள் பொறுப்பு. ஐம்பது வயதுக்காரி. லீவு போடுகிற வழக்கம் இல்லாதவள்.

"இன்னிக்கு வேலைக்கு வரலம்மா. கை ரெண்டும் ஒரே அரிப்பு. வெரலு சந்தெல்லாம் செவந்து புண்ணாட்டம் ஆயிடுச்சு. இன்னா மருந்து போடட்டும்?"

"கையுறை போடலியாக்கா?"

"ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு. அதோடதான் கழுவினேன். எப்பவும் காஸ்டிக் பட்டா வழவழன்னு இருக்கும், எரியும். இது வேற மாதிரி இருக்குது. அந்த மஞ்சத் தண்ணியாலதான் போல."

"எந்த மஞ்சத் தண்ணி?"

"இந்தக் கொதியில கழுவக் கழுவ மஞ்சளாவே வந்துச்சே. ஆறு வாட்டி அலசினேன். தம்பிகிட்டக்கூடச் சொன்னேன். உமி சாயம்னு சொல்லிடுச்சு."

உமிச் சாம்பலில் சாயம் ஏது? தீயில் வெந்து வெளுத்த பொருள் அது. காஸ்டிக்கில் வேகும்போது மஞ்சளாகக் கரைவது ஒன்றுதான் தென்றலின் நினைவுக்கு வந்தது. அது உமியில் இருப்பதில்லை. தோல் பதனிடுகிற ஷெட்டுகளின் கழிவில் இருக்கிற குரோமியம்.

பாட்டிலைத் திறந்து, உருண்டைகளைத் தூளாக்கி, தண்ணீரில் குலுக்கி வடிகட்டினாள். நாலு சொட்டு அமிலம். அதன்மேல் இரண்டு சொட்டு சோதனை மருந்து. குரோமியம் இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதா நிறம் புகைபோல விரிந்து, குழாய் முழுவதும் நாவற்பழச் சாறாகிவிட்டது.

அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். குரோமியத்தில் ஒரு வகை பெரிதாகத் தீங்கு செய்யாது. ஊதா காட்டுவது மற்றது. தோலைப் புண்ணாக்கும். உடம்புக்குள் தொடர்ந்து போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஜியோலைட் அம்மோனியாவைப் பிடிப்பதுபோல இதைப் பிடித்து வைக்கவும் செய்யாது. தண்ணீரில் தொங்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும்.

மாறனுக்குப் போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. பலராமனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் நிற்பார்கள், போன் சட்டைப் பையில் கரையில் கிடக்கும். மறுபடி மாறன். மறுபடி பலராமன்.

சந்திரம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கைய நல்லா ஓடுற தண்ணியில கழுவிகினே இருங்க... இல்ல, ஒரு அஞ்சு நிமிஷம் கழுவிட்டு, யார் வண்டியாவது புடிச்சு பலராமன் அண்ணன் குட்டைக்குப் போங்க. மூட்டை எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"எடுக்கவா? போடத்தானே தம்பி எடுத்துகினு போச்சு?"

"எடுக்கணும்க்கா. அந்த மஞ்சத் தண்ணி விஷம்."

"போறேன்" என்றாள் சந்திரம்மாள்.

அமில பாட்டிலையும் மருந்தையும் குழாய்களையும் ஒரு டிபன் பையில் அடுக்கிக்கொண்டு தென்றல் ஸ்கூட்டரை எடுத்தாள். அன்று ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வருகிற வேன்களும் பஸ்களும் திண்டிவனம் சாலையில் காலையிலேயே வரிசை கட்டிவிட்டன. ஊருக்குள் வருகிறவர்கள் சாலையின் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்திசையில் போவது அவள் ஒருத்திதான் என்று தோன்றியது. ஓரத்துச் சேற்றில் இறங்கி ஏறினாள். ஒரு வேன் டிரைவர் தலையை நீட்டித் திட்டினான். வழியில் இரண்டு முறை நிறுத்திப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இருபது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

குட்டைக்கரையில் போய் நின்றபோது மணி எட்டே முக்கால். குறுக்கே கட்டிய கயிற்றில் பதினெட்டு மூட்டைகள் தண்ணீருக்குள் தொங்கின. மிச்சம் பன்னிரண்டு கரையில் இருந்தன. மாறன் மார்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். சந்திரம்மாள் ஈரக் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பலராமன் கயிறு கட்டிய முளைக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

"நான் சொன்னேம்மா. அவுரு வுடல" என்றாள் சந்திரம்மாள்.

"எடுக்கச் சொன்னியாமே?" பலராமன் கேட்டார்.

"ஆமாண்ணா. எல்லாத்தையும்."

"பாரு." அவர் குட்டையைக் காட்டினார். "ஆறு மணிக்கு நீ பாத்திருக்கணும். இப்ப பாதி கீழ எறங்கிடுச்சுங்க. உம் மூட்டைதான் எறக்குச்சு. இப்பத்தான் மூச்சு வுடுதுங்க. அத எடுன்றியே, உனக்கே நாயமா இருக்குதா?"

"மூட்டையில விஷம் கலந்திருக்குதுண்ணா."

"அதால மீனு சாவுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சாகும் என்று சொன்னால் அவரே குதித்து எடுத்திருப்பார். "இன்னிக்கு சாவாது" என்றாள் தென்றல்.

"அப்புறம் இன்னா?"

"மீனு தாங்கிக்கும். வாங்கித் தின்னுறவங்க ஒடம்புல போயி சேரும்ணா. அதுவும் இல்லாம, இந்தத் தண்ணி ஊறித்தானே உங்க கெணத்துக்குப் போவுது?"

அவர் முளையை விட்டு நகரவில்லை.

தென்றல் வரப்பில் மண்டியிட்டு மூன்று குழாய்களை ஊன்றினாள். ஒன்றில் மோட்டார் பீச்சுகிற கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் குட்டையின் நடுத் தண்ணீர், மாறன் மொண்டு கொடுத்தது. ஒன்றில் மூட்டையை ஒட்டி எடுத்தது. மூன்றிலும் ஒரே அளவு சொட்டினாள். கிணற்றுத் தண்ணீர் அப்படியே இருந்தது. நடுத் தண்ணீரில், வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி இலேசான ரோஸ். மூன்றாவது ஊதாவாக மாறியது.

பலராமன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு? இது வரிக்கும் வந்ததில்லியே."

தென்றல் தம்பியைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மில்லு சாம்பல் போன மாச மழையில கரைஞ்சு ஓடிடுச்சுக்கா. மில்லையும் ரிப்பேருன்னு மூடிட்டாங்க. வடக்கே ஒரு பாய்லர்ல கெடைக்கும்னு சொன்னாங்க. உமிதான் எரிக்கிறோம்னான். லாரில ஏத்திகினு வந்துட்டேன்."

"உமி மட்டுமா?"

"தோல் சீவுற தூளையும் சேத்து எரிக்கிறாங்களாம்."

"அது உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்து சாயங்காலம். தொட்டியில நிக்கிற மஞ்சத் தண்ணிய மறுபடி பாத்ததும் ஒரு மாதிரி இருந்துச்சு. போன் போட்டுக் கேட்டேன். சொன்னான்."

"நேத்து தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலியா?"

"இன்னிக்கு உனக்கு மீட்டிங்கு. இத சொன்னா நீ போவமாட்ட." அவன் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தான். "அதான் காலையில எடுத்துக்கலாமான்னு கேட்டேன். நீதான் எப்பவும் சோதிச்சுடுவியே. கெட்டதா இருந்தா வேணாம்னு சொல்லிடுவன்னு நெனச்சேன். எடுத்துக்கன்னு சொன்ன. அப்ப பரவாயில்ல போலன்னு..."

மோட்டார் மட்டும் இரைந்தது.

"நான் சோதிக்கல" என்றாள் தென்றல். தம்பியிடம் சொல்ல ஆரம்பித்தவள் பலராமன் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாட்டிலு மேசை மேலயே இருந்துச்சு. தொடலண்ணா. தொடாமதான் அனுப்பினேன்."

பலராமன் அவளை நேராகப் பார்த்தார். அடித்துவிடுவார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முதல் மூட்டையின் முடிச்சில் கை வைத்தார். ஊறி இறுகியிருந்தது.

"கத்தி குடு" என்றார் மாறனிடம். "அறுத்துத் தூக்கு. ஒரு உருண்டைகூட உள்ள வுழக்கூடாது."

தென்றலும் இறங்க, மூன்று பேரும் தண்ணீரில் நின்று பதினெட்டு மூட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கரையேற்றினார்கள். சந்திரம்மாள் தார்ப்பாயை விரித்தாள். அவளை மூட்டையைத் தொடவேண்டாம் என்று தென்றல் தடுத்துவிட்டாள். கடைசி மூட்டை வெளியே வந்தபோது மணி கிட்டத்தட்டப் பத்து. ஈர வேட்டியோடு பலராமன் கேட்டார்:

"இப்ப மீனுக்கு இன்னா பண்ணப்போற?"

அதே நேரத்தில் மேகம் விலகியது. மூன்று நாளுக்குப் பிறகு வெயில் பளீரென்று தண்ணீரில் விழுந்தது. மாறன் "அப்பாடா, வெயிலு வந்துடுச்சு" என்றான். தென்றல் மட்டும் பயந்தாள். வெயில் ஏறினால் குட்டையின் பாசி வேலை செய்யத் தொடங்கும், தண்ணீரின் காரத்தன்மை கூடும். அப்போது அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷமாகிவிடும். பகல் இரண்டு மணிக்குள் அம்மோனியாவைக் குறைக்காவிட்டால் ஒரு மீன் மிஞ்சாது.

அவளுக்குச் செங்கம் சாலை நினைவுக்கு வந்தது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் விடுதி வைத்திருக்கிற செழியன் போன வாரம் பதின்மூன்றாம் கொதியில் பதினைந்து மூட்டை வாங்கியிருந்தார். கழிவுநீர்த் தொட்டிக்கு. போன் எடுத்தார்.

"இன்னும் பிரிக்கலங்க மேடம். ரூம் பூரா கூட்டம், ஆளுங்களுக்கு நேரமே இல்ல."

"அத்தனையும் வேணும் சார். இப்பவே. ஒரு லோடு ஆட்டோவில ஏத்தி அனுப்பிடுங்க."

"இப்பவா? ரோட்டையெல்லாம் அடைச்சுகினு இருக்காங்க மேடம். கிரிவலப் பாதைய சுத்தாம வெளிய வரவே முடியாது."

"சுத்திகினு வரட்டும் சார். எப்படியாவது."

அவர் மேலே கேள்வி கேட்கவில்லை. "அனுப்புறேன்" என்றார்.

பத்தரை. பதினொன்று. கலெக்டர் ஆபீஸ் எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. மூன்றாவது முறை எடுத்து, "இன்னிக்கு வர முடியாதுங்க. காரணத்த எழுதிக் குடுக்குறேன்" என்று சொல்லி வைத்தாள். மாறன் ஏரேட்டரை ஆழமான பக்கம் நகர்த்தினான். பலராமன் மோட்டார்க் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்து நடந்து பீச்சினார். பதினொன்றரைக்கு மீன்கள் மறுபடி மேலே வந்தன. முதலில் மோட்டார்த் தண்ணீர் விழுகிற இடத்தில் கூட்டமாக. பிறகு எல்லாப் பக்கமும். பன்னிரண்டுக்கு ஒரு கட்லா பக்கவாட்டில் சாய்ந்து, வட்டமடித்து, வெள்ளை வயிறு தெரிய மிதந்தது.

பலராமன் குழாயை மாறனிடம் கொடுத்துவிட்டு அதை எடுத்துக் கரையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லோடு ஆட்டோ வந்தது. மாறன் ஓடிப்போய் முதல் மூட்டையைத் தோளில் தூக்கினான்.

"எறக்கி வை" என்றாள் தென்றல்.

"அக்கா!"

"எறக்கி வைடா. பாத்துட்டுத்தான் போடணும்."

பலராமன் தண்ணீரிலிருந்து கத்தினார். "இன்னாத்தப் பாக்குறது? இந்தக் கொதிய போன வாரமே பாத்தேன்னு சொல்லல? போடும்மா! சாவுதுங்கம்மா!"

"பாத்தேன். மறுபடி பாக்குறேன்."

ஐந்து மூட்டைகளைக் கைக்கு வந்தபடி பிரித்து ஒவ்வொன்றிலும் இரண்டு உருண்டை எடுத்தாள். கல்லில் வைத்துப் பொடித்தாள். குலுக்கினாள். தெளிவதற்கு மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷமும் பலராமன் திட்டினார். அவள் அப்பனைச் சொன்னார், அவள் படித்த படிப்பைச் சொன்னார், தன் நிலத்தில் அவள் காலை வைத்த நாளைச் சொன்னார். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்திலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"போடு" என்றாள்.

பதினைந்து மூட்டையும் பத்து நிமிஷத்தில் தண்ணீரில் இறங்கின. இரண்டு மணிவரை சாவு நிற்கவில்லை. இரண்டரைக்குப் பட்டையை நனைத்தபோது கரும்பச்சை இளம்பச்சைக்கு இறங்கியிருந்தது. நாலு மணிக்கு மேல்மட்டத்தில் வாய்கள் குறைந்தன. ஐந்தரைக்குத் தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. அங்கங்கே ஒரு வால் மட்டும் தட்டிவிட்டுப் போயிற்று.

செத்தவை இருநூற்று எண்பத்தாறு. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மிச்சம் இருப்பதை, தான் சொல்லும்வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று தென்றல் கேட்டுக்கொண்டாள். பலராமன் தலையைக்கூட அசைக்காமல் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் சந்திரம்மாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் களிம்பும் மாத்திரையும் எழுதி, ஆறு வாரம் ஈரத்தில் கை வைக்கக்கூடாது என்றார். புண் ஆறப் பொங்கல் ஆயிற்று. அதுவரை சந்திரம்மாள் கொட்டகைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எல்லார் கையுறையையும் ஊதிப் பார்த்துத்தான் மாட்டவிட்டாள்.

கழுவிய மஞ்சள் தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் சிமென்ட் தொட்டியில் கிடந்தது. நல்லவேளையாக வாய்க்காலுக்குத் திறந்துவிட்டிருக்கவில்லை. கடலைச் செடி வெளுத்தால் தெளிக்கிற அன்னபேதி என்கிற இரும்பு உப்பு கீழ்பென்னாத்தூர் உரக்கடையில் மூட்டையாகவே கிடைக்கும். மாறன் போய் வாங்கி வந்தான். முதலில் கொஞ்சம் அமிலத்தை விட்டுத் தண்ணீரின் காரத்தை அடக்கினார்கள். பிறகு உப்பைக் கரைத்து ஊற்றி இருவரும் நீண்ட கழியால் கலக்கினார்கள். மஞ்சள் அழுக்குப் பச்சையாகி, பிறகு துருநிறச் சேறாக அடியில் இறங்கியது. விஷ வகைக் குரோமியம் சாதுவான வகையாக மாறி மண்டியில் சேர்ந்துவிட்டது. அந்தச் சேற்றையும் முப்பது மூட்டைகளையும் டிரம்களில் அடைத்துப் பூட்டினார்கள். ஆபத்தான கழிவைக் கையாளும் இடத்துக்கு முறைப்படி எழுதிப்போட்டு, அவர்கள் வந்து எடுத்துப்போக இரண்டு மாதம் ஆயிற்று.

கலக்கிக்கொண்டிருந்தபோது மாறன் கேட்டான்: "கலெக்டர் ஆபீசுக்கு எழுதுறியே, அதுல எம் பேரு வருமாக்கா?"

"வரும். எம் பேரு மொதல்ல வரும்."

அவன் கொஞ்ச நேரம் கழியைச் சுழற்றாமல் நின்றான். "சாம்பல நான் மாத்தினேன். அத மொதல்ல போடு."

"சோதிக்காம அனுப்பினது நானு. கலக்குடா."

கடிதம் நாலு பக்கம் வந்தது. சிபாரிசு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒவ்வொரு லோடு சாம்பலுக்கும் வெளி ஆய்வகச் சான்று வேண்டும், ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. இரண்டு விடுதிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். செழியன் மட்டும், தன் பதினைந்து மூட்டையை எப்போது திருப்பித் தருவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பலராமன் பேசவில்லை. தென்றல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்க் குட்டைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துவந்தாள். அவர் கதவருகே நின்று பார்ப்பார், உள்ளே போய்விடுவார். மார்கழியில் மூன்று மீன்களைப் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். தை பிறந்து எட்டாம் நாள் அறிக்கை வந்தது. தண்ணீரில் எதுவும் இல்லை. மீனின் தசையில் இருந்தது, எந்தக் குட்டை மீனிலும் இருக்கக்கூடிய அளவுதான்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அன்றே போனாள். பலராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். எண்களைப் படித்தார், முத்திரையைப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இரு" என்றார்.

வலையை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனவர் அரைமணி நேரத்தில் ஒரு ரோகுவோடு வந்தார். அவர் மனைவி குழம்பு வைத்து முடிக்கும்வரை இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு வந்தது. சோறும், இரண்டு துண்டு மீனும். அவள் தட்டு மட்டும்தான் வந்தது. அவருக்கு முன்னால் தரை வெறுமையாக இருந்தது.

பலராமன் சம்மணம் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவள் கையைப் பார்த்தார்.

தென்றல் முள்ளை ஒதுக்கி, பெரிய துண்டாக எடுத்து, சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அவருடைய பார்வை விலகவில்லை. அடுத்த துண்டையும் எடுத்தாள். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்காமல் தின்றாள். இரண்டு துண்டும் முள்ளாகும்வரை அவர் அசையவில்லை.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"எனக்கும் ஒரு தட்டு வை."